துவாய் இல்லாமல் இறங்கும் தண்ணீர்

ஜப்பானுக்கு டிக்கெட் போட்ட பிறகுதான், அங்குள்ள சுடுதண்ணீர் ஊற்றுகளில் ஒரு நூல்கூட உடம்பில் இல்லாமல் இறங்கவேண்டும் என்பது எனக்குத் தெரியவந்தது. முதலே தெரிந்திருந்தால் முழங்கால் நோ என்று சொல்லி ரொறன்ரோவிலேயே நின்றிருப்பேன்.

நாங்கள் மூன்று பேர். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரே கட்டடத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். எங்களில் இளையவள் ரொறன்ரோவில் பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவள். அந்தத் தைரியத்தில் இங்கேயும் வாடகைக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் அக்கா. கூடப்பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர். அவருடைய மகனுக்கு என் மகளைப் பேசியிருந்தோம். இருவருக்கும் பிடித்திருந்தது, சாதகமும் பொருந்தியிருந்தது. திரும்பிப் போனதும் நிச்சயம் செய்வதாக இருந்தது.

எனக்கு இடது மார்பு இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு புற்றுநோய் என்று எடுத்துவிட்டார்கள். கீமோ தேவைப்படவில்லை, அதனால் தலைமுடியும் கொட்டவில்லை. பித்தப்பையில் கல் என்று எல்லோருக்கும் சொன்னேன். கணவருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். தாய்க்கு அந்த வருத்தம் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்கள் கல்யாணப் பேச்சை எப்படி மெல்ல நிறுத்துவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் தம்பிக்கு வந்த ஒரு பெண்ணை நானே அப்படித் தட்டிக்கழித்திருக்கிறேன்.

ஊற்றுக்கு விடியப் புறப்பட்டோம். மலைப்பாதை, ஒரு பக்கம் பள்ளம். இடதுபக்கம் ஓடிப் பழக்கமில்லாததால் அவள் திரும்பும் இடமெல்லாம் சிக்னலுக்குப் பதிலாக வைப்பரைப் போட்டாள்.

"உந்த வைப்பரை நிப்பாட்டடி, மழையே இல்லை," என்றார் அக்கா.

"கை பழகிப்போச்சுது. பேசாமல் இருங்கோ அக்கா, பஸ்ஸுக்குள்ள பிள்ளையள்கூட இவ்வளவு கத்துறேல்லை."

அவர்கள் இருவரும் பள்ளத்துக்குப் பயந்தார்கள். நானோ கார் பழுதாகி நின்றால் நல்லது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கொஞ்சம் பிரஷர். நீங்கள் ரெண்டுபேரும் குளியுங்கோ, நான் வெளியில இருக்கிறன்," என்றேன்.

"உமக்கு வெக்கமெண்டு தெரியும். அதுதான் எங்கள் மூண்டுபேருக்கும் மட்டும் தனிக் குளியலறை புக் பண்ணினனான்," என்றார் அக்கா. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஊற்றின் கந்தகம் அழுகிய முட்டைபோல் வாசலுக்கே மணத்தது. இளையவள் அவசரமாக உடம்பைக் கழுவிவிட்டு, வெளியே இருந்த கல்தொட்டிக்குள் இறங்கி எங்களைக் கூப்பிட்டாள். நான் உடுப்பு மாற்றும் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, உடம்பு துடைக்க அங்கே தந்த சிறிய துவாயை மார்போடு அழுத்திப் பிடித்தபடி நின்றேன். அக்கா எனக்காகக் காத்திருந்தார். சுவரில் துவாயை வரைந்து அதன்மேல் குறுக்காகச் சிவப்புப் புள்ளடி போட்டிருந்தார்கள்.

"துவாயைத் தண்ணிக்குள்ள கொண்டுபோகக்கூடாதாம்," என்றார். சட்டம் என்றால் அக்காவுக்குச் சட்டம்தான். பிள்ளையின் கையிலிருந்து வாங்குவதுபோல் அதை வாங்கினார்.

அவர் கண் அந்தத் தழும்பிலேயே நின்றது.

"எப்ப?"

"பித்தப்பைக் கல் எண்டு சொன்னனே, அப்ப." பிறகு என்னால் நிறுத்தமுடியவில்லை. "மகனிட்டச் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ அக்கா. இந்தப் பேச்சு வேண்டாமெண்டாலும் நான் கோவிக்கமாட்டன். ஆனால் என்ர பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

நான் சொன்னதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. "அவளுக்குத் தெரியுமோ?" என்றார்.

"ஆருக்கு?"

"உம்மட மகளுக்கு."

"இல்லை."

"அப்ப அவள் ஒருக்காலும் செக் பண்ணிப் பார்க்கேல்லை."

என் மகளுக்கு இருபத்தொன்பது வயது. மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து மறைப்பதாக நினைத்து, நான் அவளுடைய டொக்டரிடமிருந்தும் மறைத்திருந்தேன். இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு அது புத்தியில் படவில்லை. அக்கா துவாயை என் தோளில் போட்டு, என் உடுப்பை எடுத்துத் தந்தார். இளையவள் தண்ணீருக்குள் இருந்து என்னவென்று கேட்டாள். நான் உடுத்திக்கொண்டு ஃபோனோடு வெளியே நடந்தேன்.

வாசலில் நின்று, மகள் இருக்கும் ஒட்டாவாவுக்கு அழைத்தேன். அங்கே அப்போது முதல்நாள் பின்னேரம். சிரித்துக்கொண்டே எடுத்தாள். ஃபோட்டோ எங்கே என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழவில்லை, அழுதால் அவள் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாள் என்று பயந்தேன்.

கோல் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அம்மா," என்றாள், "போன மாசம் எனக்கு ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது. ஃபாமிலில ஆருக்கும் இருக்கோ எண்டு டொக்டர் கேட்டவ. இல்லையெண்டு சொன்னன். அப்ப கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பமெண்டவ. நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான் உங்களுக்குச் சொல்லேல்லை."