பங்காருபேட்டையில் போட்ட கூச்சல்

சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை பார்த்து அப்பாவுக்குக் காது மந்தம். வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். பள்ளிக்கூடத்தில் என் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். அதிலிருந்து வெளியில் யாரிடமும் வாய்க்குள்ளேயே பேசப் பழகினேன்.

போன மாதம் ரயிலில் வேலைக்குப் போகும்போது, தோழி மேரி தண்ணீர் பிடிக்கப் பங்காருபேட்டை ஸ்டேஷனில் இறங்கினாள். திரும்பி ஏறுகையில் ரயில் நகர்ந்துவிட்டது. கால் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். என் வெட்கமெல்லாம் எங்கே போனதோ!

"கார்டு சார், நிறுத்துங்க!"

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டுக்குக் கேட்டுவிட்டது. ரயில் நின்றது! மேரியை மேலே இழுத்தோம்.

"இன்னா தொண்டைடீ இது, மைன்ஸ்ல ஷிப்டுக்கு ஊதுற சங்கு மாதிரி! இத்தினி நாளா எங்க வெச்சிருந்த?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

இப்போது அப்பாவிடம் பேசும் குரலில்தான் எல்லாரிடமும் பேசுகிறேன். காலையில் ரயில் ஜன்னலிலிருந்தே, "மேரீ, இடம் போட்டுட்டேன், வாடீ!" என்று கூப்பிடுகிறேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிறது. பார்க்கட்டும்.