பாறையில் இருந்த இடம்

போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போன நாட்களில் எங்களுக்கு ஒரு பெண்தான் கங்காணி. அந்தத் தோட்டத்தில் அதுவரை ஆண்கள்தான் கங்காணி. அவருக்கு நெற்றிக்கு மேல் ஒரு கீற்று நரை. நாட்டின் முதல் பெண் பிரதமர் சாயல் என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம். மதியம் நாங்கள் கூடி உட்கார்ந்து சாப்பிட, அவர் மட்டும் தூரத்துப் பாறையில் தூக்குவாளியைத் திறப்பார்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது கேட்டேன். "ஏன்க்கா தனியாச் சாப்பிடுறீக?"

"நான் வந்தா நீங்க பேச்சை நிப்பாட்டிர்றீகளே, ஆத்தா." சிரித்தார். "நீங்க சொல்ற அந்தம்மா நாட்டையே ஆண்டுச்சு. அதோட ஒக்காந்து யாரு சோறு தின்னுருப்பா?"



மறுநாளும் அவர் பாறைக்குத்தான் போனார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடமிருந்தது. நான் கூட்டத்தோடுதான் சாப்பிட்டேன்.