குழந்தைச் சட்டையில் ஒரு நகரத் திட்டம்

ஜப்பான்காரர்கள் வந்த மறு வருடம், மலாக்கா நகரத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுகளை வரையும் பொறுப்பு என்னிடமும் கொஞ்சம் வந்து சேர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு கிடைக்குமா என்பதற்கு அப்பால் எந்த எதிர்காலத்தையும் நான் அப்போது யோசித்ததில்லை.

வெள்ளைக்காரன் போட்டு வைத்திருந்த பழைய திட்டத்தைப் பகுதி பகுதியாக நகலெடுக்க வேண்டும். நடுவில் முளைத்த வீடுகளைச் சேர்த்து, இனி வரப்போகும் சாலைகளைச் சிவப்புப் புள்ளிக்கோட்டால் காட்ட வேண்டும். நான் வரைபட அலுவலகத்தில் நகலெடுப்பவன். நகரத்தின் காஜா பேராங் பகுதியில் குடியிருந்ததால் அந்த ஷீட் எனக்கு.

ஷீட் என்றாலும் அது துணிதான். மெல்லிய பருத்தியில் கஞ்சி ஏற்றிக் கண்ணாடிபோல் தேய்த்திருப்பார்கள். கொதிநீரில் போட்டால் கஞ்சி கழன்று அருமையான துணியாகிவிடும். கடையில் கைக்குட்டைக்குக்கூடத் துணி இல்லாத காலம். பாழான நகல் எதையும் நாங்கள் குப்பையில் போட்டதில்லை. எங்கள் பெரிய டிராஃப்ட்ஸ்மேன், நாங்கள் பெரியவர் என்று சொல்பவர், சட்டைக்குள் போட்டிருந்தது ஒரு சாக்கடைத் திட்டம்.

எனக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. மை கொட்டிப் பாழாக்கிய நகல் ஒன்றைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி அவித்தாள். பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாள் நான்கு சட்டை தைத்துக் கொடுத்தார். சிட்டி என்றால் பல தலைமுறைக்கு முன் மலாக்காவுக்கு வந்து தங்கி, மலாய் பேசப் பழகிவிட்ட நம்மவர்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். "தம்பி, திங்கக்கிழம காலைல புது ஷீட்டெல்லாம் ஜப்பான்காரன் மேசைக்குப் போவணும். சயாம் ரயில் ரோட்டுக்கு நம்ம ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரு கேக்குறான். ஷீட்டு வராதவன் பேருதான் மொதல்ல. அங்க போனவன் எவன் திரும்பி வந்தான்?"

அலமாரியைத் திறந்தேன். மை கொட்டிய நகல், சாலை ஒன்றுகூடப் போடுமுன் பாழானது, பத்திரமாக இருந்தது. நான் கொண்டுபோனது மூலப்படம்.

"பாழான துணின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி அன்று ராத்திரி.

"சொன்னேன்."

"இத்தன புஸ்தகம் படிக்கிறீங்க. விரிச்சுப் பாக்கத் தோணலியா?"

வீடுகளை நடந்தே அளந்துவிடலாம். இல்லாத சாலையை எங்கே போய் அளப்பது? சனிக்கிழமை நான்கு சட்டைகளையும் மேசைமேல் பரப்பினேன். ஒன்றைக் குழந்தையின் உடம்பிலிருந்தே கழற்ற வேண்டியிருந்தது. வெளுத்த சிவப்புப் புள்ளிகள் ஒரு முதுகில் ஏறி, அடுத்த சட்டையின் நெஞ்சுக்கு வந்து, கை நுழைய வெட்டிய கைக்குழியில் காணாமல் போயின. வெட்டிய துண்டுகளைச் சிட்டி அம்மாள் சாமி விளக்குக்குத் திரியாக்கிவிட்டாராம்.

அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். "ஜாலான்?" என்று சாலையைக் கேட்டார். தலையாட்டினேன். கைக்குழியில் விரலை வைத்து, "ருமா சாயா?" என்றார். ஆமாம், அவர் வீடு அங்கேதான். பிறகு சட்டையில்லாமல் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த பகுதியை வரைந்தவன் என் பக்கத்து மேசைக்காரன், கல்யாணமாகாதவன். சாலை எங்கே வந்து சேரவேண்டும் என்று பார்க்க அவன் ஷீட்டை இரவல் கேட்டேன். தயங்காமல் கொடுத்தான்.

"நேரா ஒரு கோடு போட்டுட்டுத் தூங்குங்கண்ணே. ரோடு போட இவனுங்ககிட்ட சிமெண்டு ஏது?"

சிமெண்டு இல்லைதான். ஆனால் ஜப்பான்காரன் வீட்டை இடித்துப் பலகையும் தகரமும் எடுத்துக்கொள்ளக் கோடு ஒன்று போதும். ஞாயிறு முழுவதும் அளவுகோலை வைத்தேன், எடுத்தேன், தெருவை மூன்று முறை சுற்றி வந்தேன். கடைசியில் சாலையைப் பின்பக்கத் தென்னந்தோப்பு வழியாக வளைத்தேன். துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நேரம் சிட்டி அம்மாள் எங்கள் கிணற்றடியில் என் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டின் மேல் கோடு போடக் கை வரவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி என் வளைவில் விரலை நிறுத்தினார். ஏன் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். "கிணறு," என்றேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகு முத்திரையும் விழுந்தது. அந்தக் காலத்தில் அது பாராட்டு.

அதிகாரி அடுத்த ஷீட்டைக் கேட்டார். பக்கத்து மேசைக்காரன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் அது என் வீட்டு மேசையில் சட்டைகளுக்கு அடியில் கிடப்பது ஞாபகம் வந்தது. சைக்கிளில் பறந்து போய் எடுத்து வந்தேன். அதற்குள் சயாம் பட்டியல் எழுதியாகிவிட்டது, முதல் பெயர் அவனுடையது. பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அவன் பேர அழிக்கச் சொல்லி நான் போய் நிக்கவா? நீ போய் நிக்கிறியா?" என்றார். நான் நிற்கவில்லை.

அவன் போன பிறகு ஒருநாள் அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உங்கள் மகன் போனது என்னால்தான் என்ற வாக்கியத்தை வழியெல்லாம் திருத்திக்கொண்டே போனேன்.

"சாப்டீங்களா தம்பி?" என்றார் அந்த அம்மா.

"ஆச்சும்மா," என்றேன். அந்த வாக்கியத்தோடு அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.