பென்ஷன் தேங்காய்

பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்தால் தடை விலகுமாம். நாகர்கோவில் பஸ்ஸில் மனைவியை உட்கார வைத்துவிட்டு வந்து, கோயில் வாசலில் ஐந்து தேங்காய் வாங்குகிறேன். கடைக்காரம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

"அஞ்சு எதுக்கு சாரே?"

"பிரமோஷன், சொந்த வீடு, மகன் காலேஜ், மகள் கல்யாணம், கடைசியா பென்ஷன்."

"பிள்ளைங்களுக்கு என்ன வயசு?"

"எங்களுக்குக் கல்யாணமாகியே பதினோரு நாள்தான் ஆச்சு."

அவள் சிரிக்கவில்லை. "அப்போ இன்னைக்கு உள்ள தடைக்கு?"

"இன்னைக்கு ஒரு தடையும் இல்லம்மா."

நான்கை உடைத்துவிட்டு ஐந்தாவதை ஓங்குகிறேன்.

"சாரே, அந்தப் போற பஸ்ஸில கை காட்டுறது ஆராக்கும்?"

என் மனைவி. தேங்காயும் கையுமாக ஓடுகிறேன். கண்டக்டர் மணியடித்து நிறுத்தி, மலையாளத்தில் ஏதோ சொல்லி என்னை ஏற்றிக்கொள்கிறார். வாழ்த்து மாதிரி தெரியவில்லை.

நெய்யாற்றின்கரையில் பஸ் நிற்கிறது. காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை; என் திட்டத்தில் அதற்கு நேரம் ஒதுக்க மறந்திருக்கிறேன்.

"பசிக்குதுங்க," என்று மனைவி தேங்காயைப் பார்க்கிறாள்.

"இது பென்ஷனுக்கு."

அவள் அதை வாங்கிக்கொண்டு இறங்கி, மைல்கல்லில் ஒரே போடு போடுகிறாள்.

முப்பது வருஷம் கழித்து வரவேண்டிய பென்ஷன். நல்ல இனிப்பு.