மூப்பருக்குப் பெரிய சலுசலு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு சர்ச் வாசல்ல டீ குடிச்சிட்டிருந்தேன். சாமுவேல் மூப்பர் வந்து தோள்ல கை போட்டாரு.

“தம்பி, எங்களுக்கு விசா வந்துருச்சு. ஆக்லாண்ட். அடுத்த ஞாயிறு வழியனுப்பு. நீதான் பேசணும். நல்லா சிரிக்க வைக்கணும், சரியா?”

டீ மூக்குல ஏறிருச்சு.

எனக்குக் கோவம் சீக்கிரம் வராது. வந்தாலும் யாரும் நம்புறதில்ல. வீட்டுல நான் கத்துனா, “இன்னொரு தடவ செய்ங்க, பசங்க பாக்கல”ன்னு சொல்றவ என் பொண்டாட்டி ரேச்சல். ஃபிஜித் தீவுல, லவுத்தோக்கா டவுன்ல இருக்குற எங்க சின்ன சர்ச்சுல எனக்கு இருக்குறது ஒரே உத்தியோகம்... கோமாளி. யாராவது ஊர விட்டுப் போனா, அவங்கள முன்னாடி நாற்காலில உக்கார வப்பாங்க. கழுத்துல சலுசலு விழும். இந்த ஊர்ல வழியனுப்புற பூமாலைக்கு அதான் பேரு. பாஸ்டர் தலைமேல கை வச்சு ஜெபம் பண்ணுவாரு. அப்புறம் நான் எழுந்து நாலு ஜோக் அடிப்பேன். சிரிச்சுக்கிட்டே எல்லாரும் அழுவாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி கூ நடந்து, ராணுவம் ஆட்சியப் புடிச்சதுலேர்ந்து இந்தியங்க வரிசையா கிளம்புறாங்க, எனக்கு ஓவர்டைம்.

அப்ப மூப்பர் போறதுக்கு மட்டும் ஏன் கோவம்? அதுக்கு செலினாவப் பத்திச் சொல்லணும்.

செலினா, மரியக்காவோட ஒரே பொண்ணு. நர்ஸ். மரியக்காதான் எங்க சர்ச்சுல ஆல்டருக்குப் பூ வைக்கிறவங்க, சலுசலு கட்டுறவங்க. புருஷன் இல்ல. ரொம்பப் பேச மாட்டாங்க. கூ முடிஞ்சு ஆறு மாசம் இருக்கும், டியூட்டி முடிஞ்சு வர்றப்ப செலினா வந்த பஸ் மேல கல்லு விழுந்துச்சு. கண்ணாடியெல்லாம் அவ மடில. நியூசிலாந்துல, அதே ஆக்லாண்டுல, நர்ஸ் கேக்குறாங்கன்னு கிளம்பிட்டா. கூவுக்கு அப்புறம் எங்க சர்ச்சுல முதல்ல கிளம்புனது அவதான்.

மரியக்கா மல்லியும் செவ்வந்தியுமா ஒரு சலுசலு கட்டிட்டு வந்தாங்க. செலினா நாற்காலில உக்காந்துட்டா. அப்பத்தான் மூப்பர் எழுந்தாரு.

“ஆண்டவர் நம்மள இங்க நட்டிருக்காரு. கஷ்டம் வந்ததும் வேரப் புடுங்கிட்டு ஓடுறவங்களுக்கு இங்க ஜெபமும் கிடையாது, சலுசலுவும் கிடையாது.”

பாஸ்டர் வேலைக்குப் புதுசு. தலைய ஆட்டிட்டாரு. உக்காந்த பொண்ண எழுப்பி விட்டாங்க. மாலை மரியக்கா கைலயே தொங்குச்சு.

நான் என்ன பண்ணுனேன்? எல்லாரும் கம்முனு இருந்தா எனக்குத் தாங்காது. எழுந்து, “விடுங்க... பாஸ்போர்ட்டுல ஆபீசர் கை வச்சுட்டாரு, இனி தலைல பாஸ்டர் கை எதுக்கு?”ன்னேன்.

சர்ச்சே சிரிச்சுது. செலினா பையத் தூக்கிட்டு வெளிய போயிட்டா. புதன்கிழமை ப்ளேன்.

நல்லா விழுந்த ஜோக்கு வேற. அதான் கேவலம்.

யோசிச்சுப் பாருங்க. பட்டாளத்தானுக்கு நாம இந்தியன். நம்ம சொந்தக்காரங்களுக்கு நாம வேதக்காரன். ரெண்டு பக்கமும் இடமில்லாதவங்களுக்கு மிச்சம் இருந்தது இந்த சர்ச்சு ஒண்ணுதான். அதுலயும் நாற்காலிலேர்ந்து எழுப்பி விட்டா, எங்க போயி உக்கார்றது?

அப்புறம் பாஸ்டரோட மச்சான் கிளம்புனாரு. மூப்பரோட சட்டம் எங்க போச்சுன்னே தெரியல. டீச்சர் குடும்பம், டைலர் குடும்பம், ஆர்கன் வாசிச்சவரு... எல்லாருக்கும் நாற்காலி, ஜெபம், சலுசலு. அத்தனை சலுசலுவும் கட்டுனது யாரு? மரியக்கா.

சரி, டீக்கு வருவோம். நான் இருமிட்டு நிக்கிறேன். மூப்பரம்மா பெருமையா ஆரம்பிச்சாங்க. “ரெண்டு வருஷமா காத்துக் கெடந்தோம் தம்பி. கூ நடந்த மாசமே ஃபாரம் போட்டுட்டோம்ல.”

கூ நடந்த மாசமே! அப்படின்னா செலினாவ எழுப்பி விட்ட அன்னிக்கு இவரு ஃபாரம் ஆறு மாசமா ஆக்லாண்டுல தூங்கிட்டிருந்திருக்கு.

“மரியாகிட்ட சொல்லிரு”ன்னாரு மூப்பர். “சலுசலு கொஞ்சம் பெருசா இருக்கட்டும். போட்டோ எடுக்குறோம்.”

பெருசா. போட்டோவுக்கு.

நேரா மரியக்கா வீட்டுக்குப் போனேன். தேங்கா துருவிட்டிருந்தாங்க. மூப்பரம்மா சொன்னத அப்படியே ஒப்பிச்சேன்.

“கட்டாதீங்கக்கா.”

“ஏன்?”

“ஏன்னா? அந்தாளு செலினாவுக்கு என்ன பண்ணுனாரு?”

“நீ என்ன பண்ணுன?”

சட்டுனு பேச்ச மாத்துனேன்.

“அங்க... சர்ச்சுக்குப் போறாளாக்கா?”

“போறதில்ல. ‘ஜெபம் பண்ணி அனுப்ப ஆளில்லாதவ எந்த சர்ச்சுல போயி நான் இன்னாருன்னு சொல்றது’ன்னு எழுதுறா.” தேங்கா மூடியத் தூக்கிப் போட்டாங்க. “அவ இங்கதாண்டா பாடக் கத்துக்கிட்டா. நான் மாலை கட்டிக்கிறேன். நீ போயி உன் ஜோக்க எழுது.”

எழுதுனேன். மூணு பக்கம். ஒரு ஜோக்கு கூட இல்ல. ரேச்சல் படிச்சுட்டு, “இத வாசிச்சீங்கன்னா அடுத்த விசா நமக்குத்தான்”னா.

ஞாயிறு வந்துச்சு. நாற்காலில மூப்பர், பக்கத்துல மூப்பரம்மா. மரியக்கா கட்டுன சலுசலுவ பாஸ்டர் போட்டு விட்டாரு. கேட்ட மாதிரியே பெருசு, தாடை வரைக்கும் முட்டுது. ஜெபம் ஆச்சு. போட்டோவும் ஆச்சு.

நான் எழுந்திருக்கப் போறேன், அதுக்குள்ள மரியக்கா எழுந்துட்டாங்க. பையிலேர்ந்து இன்னொரு சலுசலு எடுத்தாங்க. பூ இல்ல. வெள்ளையும் மஞ்சளுமா ரிப்பன மடிச்சு மடிச்சுத் தச்சது.

“மூப்பரே, அங்க ஏர்போர்ட்டுல பூவ உள்ள விட மாட்டாங்களாம். அதனால ரிப்பன்ல கட்டிருக்கேன். செலினாவோட அட்ரஸ் உள்பக்கம் தச்சிருக்கு. நீங்களே அவ கழுத்துல போட்டு, தலைமேல கை வச்சு ஜெபம் பண்ணிருங்க. அன்னிக்கு விட்டுப் போச்சில்ல.”

அவ்ளோதான். சத்தமாக்கூடச் சொல்லல.

மூப்பர் வாங்கிக்கிட்டாரு. வேற வழி? தலையக் குனியப் பாத்தாரு... பெரிய சலுசலு குனிய விடல.

பாஸ்டர் என்னப் பாத்தாரு. மூணு பக்கத்தையும் மடிச்சுப் பாக்கெட்ல வச்சேன். “மூப்பரே, அப்படியே செலினாகிட்ட, அந்த ஜோக் அடிச்சவன் மன்னிப்பு கேட்டான்னு சொல்லிருங்க”ன்னுட்டு உக்காந்துட்டேன்.

நான் பேசி யாரும் சிரிக்காதது அதான் முதல் தடவ.

அவரு போயி நாலு வாரம் ஆச்சு. கடற்கரைல குடும்பத்தோட நிக்கிற போட்டோ அனுப்பிருக்காரு, சர்ச் போர்டுல குத்தி வச்சிருக்காங்க. முந்தாநேத்து செலினாவோட லெட்டரும் வந்துச்சு. குளிரு, டியூட்டி, வெண்டிக்கா வெல... மூப்பரப் பத்தி ஒரு வரி இல்ல. அவ வீட்டுக்கும் இப்ப அவரு இருக்குற வீட்டுக்கும் நடுவுல ரெண்டே பஸ் ஸ்டாப்பாம்.

“வேலையா இருப்பாரு”ங்கறாங்க மரியக்கா. அவங்களால அப்படிச் சொல்ல முடியுது. என்னால முடியல.

மூப்பரே, நான் இத எழுதுற இந்தப் பேப்பர அங்கயும் தபால்ல வரவழைச்சுப் படிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். பூவா இருந்தா இந்நேரம் வாடிருக்கும், நீங்களும் தப்பிச்சிருப்பீங்க... அது ரிப்பன்.