மேற்கணக்கு மலைக்கு ஒரு வழி

சித்தி என் கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. திரையில் எங்கள் மலை, வானத்திலிருந்து எடுத்த படமாகத் தெரிந்தது. வெறும் பச்சை. விரலை வைத்துப் பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இதுல எம்புள்ள எங்குன இருக்கா?” என்று கேட்டாள். கொட்டகலையில் என் வீட்டு அடுப்படியில், நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் அவசரத்தில், கேட்கிற கேள்வியா அது? எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை, அந்தப் பச்சைமேல்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பிழைத்த காலம் முழுக்கக் கொழுந்து பறித்தவள். வாய் கொஞ்சம் நீளம். மலையில் கங்காணியைக் கிண்டல் பண்ணி மற்ற பெண்களைச் சிரிக்க வைத்து, அதற்காகவே திட்டு வாங்குவாள். அவளுக்கு ஒரே மகள். அவள் பிறந்தபோது நாங்கள் எல்லோரும் மேற்கணக்கில் குடியிருந்தோம். மலையின் இடுப்பில் இருந்த தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். அடைமழை நாளொன்றில் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி மேலே ஏறவில்லை. மூன்று வயது நிரம்பாத பிள்ளை லயம் என்ற வரிசை வீட்டின் காம்பராவிலேயே போய்விட்டது. லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு வருசா வருசம் அந்த நாளில் சித்தி சீனி போட்ட ரொட்டி சுட்டுக்கொண்டு போய்ப் படைத்துவிட்டு வருவாள். பிள்ளைக்குச் சீனி ரொட்டி என்றால் உயிர்.

பிறகு மண்சரிவுப் பயம் என்று எங்களைக் கீழே இறக்கினார்கள். மேற்கணக்குத் தேயிலையைக் கைவிட்டார்கள். விறகுக்குப் போகிற சாக்கில் சித்தி கொஞ்ச காலம் போய் வந்தாள். ஒரு நாள் பாதையில் இரும்புக் கேட் வந்தது. பக்கவாட்டில் முள்கம்பி வந்தது. மேலே காட்டிலாகா என்றார்கள், நடுவில் ஹோட்டல் கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒத்துவரவில்லை. யாரும் உள்ளே போகக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சித்திக்கு மட்டும் விளங்கவில்லை. தோட்டத்தில் எது வேண்டுமானாலும் மேனேஜரான துரையைக் கேட்டால் போதும் என்பது அவள் கணக்கு. லீவு வேண்டுமா, கூரைத் தகரம் வேண்டுமா, திருவிழாவுக்கு லொறி வேண்டுமா, காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் போய் நின்று கேட்பதுதான் வழக்கம். அப்படியே போய் நின்றாள். துரை இளவயதுக்காரர், நல்ல மனிதர். “போயிட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டார். கேட்டில் நின்ற காவலாளி கையை விரித்து, “பே, அம்மே” என்று சிங்களத்தில் சொன்னான். முடியாதாம். “தொர சொன்னாருப்பா” என்று சித்தி திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் எந்தத் துரை என்று கேட்டான். வீட்டுக்கு வந்து, “தொர சொல்லியும் தொறக்க மாட்டேங்கிறானே, இப்புடியும் ஒரு அநியாயம் உண்டா!” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துரையின் பேச்சு செல்லாத ஒரு துண்டு நிலம் அந்த மலையில் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் நான் வழி தேடத் தொடங்கினேன். மலையேறுகிறவர்கள் கைபேசியில் எழுதிப் போடுகிறார்களே, அதையெல்லாம் படித்தேன். நானுஓயாப் பக்கமிருந்து சைப்பிரஸ் காட்டுக்குள் ஒரு தடம் இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். அது பழைய தடம், இப்போது வேலி போட்டாயிற்று என்று கீழே இன்னொருவர் எழுதியிருந்தார். ஓடை வழியாக ஏறினோம், அற்புதமான அனுபவம் என்று ஒரு கூட்டம் படம் போட்டிருந்தது. அந்த ஓடை வழியில் நானும் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். காலெல்லாம் அட்டைக்கடி. கடைசியில் வழுக்குப் பாறை ஒன்று குறுக்கே நின்றது. கயிறு கட்டித் தொங்குகிற இளவட்டங்களுக்கு அது அற்புதமாக இருக்கலாம். முழங்கால் தேய்ந்த சித்தியை எப்படி ஏற்றுவது? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கடைசியில் நேர்வழியே கிடைத்தது. அந்த ஹோட்டல் கம்பெனியே ஆட்களைச் சிகரத்துக்கு நடத்திக் கூட்டிப்போகிறதாம். பணம் கட்டினால் அதே கேட் திறக்கும். நாங்கள் குடியிருந்த இடத்துக்கு நாங்களே உல்லாசப் பயணிகளாகப் போக வேண்டும். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. சித்தி அதையெல்லாம் பார்க்கவில்லை. “போனாப் போவுது டீச்சரு, நீயும் நானும் வெள்ளக்காரிங்கன்னு வச்சுக்க” என்று சிரித்தாள். இடம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்” என்றாள்.

கேட்டில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ரொட்டியை எங்கள் சாப்பாடு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த நாலைந்து பேரோடு நடந்தோம். கூட்டிப்போனவர் ஹட்டன் பக்கத்துத் தமிழ் ஆள், என் வயதுக்காரர். சித்திக்காக நின்று நின்று நடந்தார். லயம் இருந்த இடத்தில் ஓர் அடுப்புக் கல்கூட இல்லை. தண்ணீர் விழும் பீலி மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. அதைக் கண்டதும் சித்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இந்தா, இதுக்கு நேரா மேல போனா நம்ம நெற. கடேசிச் செடிக்குக் கீழதான் புள்ள” என்று பாதையை விட்டு விலகி ஏறினாள். கூட்டிப்போனவரிடம் விசயத்தைச் சொன்னேன். “சுருக்கா வந்துருங்க டீச்சர்” என்று வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மேலே போனால் சித்தி கொழுந்து பறித்த நிரை ஏது? கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவில் வைத்திருந்த வரையில்தான் தேயிலை செடி. வெட்டுவாரில்லாமல் விட்டதில் எல்லாம் எங்கள் தலைக்கு மேலே மரமாக நின்றன. விதை விழுந்து இடைவெளியெல்லாம் புதிது புதிதாக முளைத்திருந்தது. எது வரிசை, எது கடைசி, எங்கே காடு தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. சித்தி ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டுப் போனாள். போன வழியிலேயே திரும்பி வந்தாள். “ஒரு கல்லு நட்டு வைக்கலையா சித்தி?” என்று கேட்டுவிட்டேன். “தேயில இருக்கையில கல்லு எதுக்குடி? தேயில எங்க போயிரப் போவுதுன்னுதானே இருந்தோம்” என்றாள். எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஏதோ ஒரு மரத்தடியில் ரொட்டியை வைத்தாள். “இங்கயா சித்தி?” என்றேன். “தெரியல. கால் வலிக்குது” என்றாள். அழவில்லை. கூட்டிப்போனவர் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, மன்னிச்சிருங்க. இங்க எதையும் போட்டுட்டுப் போக விடமாட்டாங்க. மிருகம் தின்னுடுச்சுன்னா எனக்கு வேல போயிரும்” என்றார். சித்தியே குனிந்து, மண்ணைத் தட்டி, ரொட்டியைப் பழையபடி பையில் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் சிகரத்துக்குப் போனார்கள். நாங்கள் பீலியடியில் காத்திருந்து அவர்களோடு இறங்கினோம். பஸ்ஸில் முழு வழியும் அந்தப் பை அவள் மடியில் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் மலைப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த நாள் வந்தபோது ரொட்டி சுடவில்லை. நான் நினைவுபடுத்தினேன். “யாருக்குச் சுடச் சொல்ற?” என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கிண்டல், சிரிப்பு எல்லாம் நின்றுபோனது. மலைக்குப் போகாமல் இருந்த காலத்தில் அவளுக்கு ஓர் இடமாவது இருந்தது. நான் வழி கண்டுபிடித்துக் கூட்டிப்போன அன்றோடு அதுவும் இல்லாமல் போயிற்று.

எங்கள் ஆட்கள் புதைக்கிற ஆட்கள். சித்தி படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். “என்னயப் பொதைச்சிராதீங்க, எரிச்சிருங்க. பின்னால நீ வேற வழி தேடிக்கிட்டு அலைவ” என்றாள். அப்படியே செய்தோம், சாம்பலை ஆற்றில் விட்டோம். சென்ற மாதம் அவளுடைய திவசம் வந்தது. சமைத்ததை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் வாசலில் நின்றேன்.