தொப்புள் தேய்க்காத கிளாஸ்

போன வாரம் கோபி பேருந்து நிலையத்தில் டீ வாங்கினேன். காகிதக் கப். பழக்கதோஷத்தில் விரலால் அதன் அடியைத் தடவினேன். காகிதத்தில் தொப்புளைத் தேடுகிற ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராய்ச் சுற்றியவன், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கண்ணாடி ஷெட்டில்தான் அதிக நாள் தங்கினேன். அங்கே கிளாசுக்கு மனித உடம்பின் பெயர்கள். வாய், உதடு, வயிறு, பாதம். ஊதிய கிளாசின் அடியைக் கம்பியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயை விரிப்பார்கள். கம்பியைத் தட்டி எடுத்தால் அடியில் சொரசொரப்பாக ஒரு வடு நிற்கும். அதுதான் தொப்புள். ஊதுவது ராசு. தொப்புளைக் கல்லில் தேய்த்து எடுப்பது நான்.

ராசு சொந்தமாய்த் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பையன். நான் அப்படிப்பட்ட தோட்டங்களில் கூலிக்குப் போனவர்களின் மகன். ஆனாலும் உலை வெக்கையில் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தோம். "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சொல்லுக்காகவே கால் ஓரிடத்தில் நின்றது போலும்.

பாதத்தில் கீறல் விழுந்த கிளாசைத் தேய்த்தால் உடைந்துவிடும். தொப்புளோடு ஒதுக்கிவைப்பேன். ராசு அவற்றைப் பையில் கட்டி ஊருக்குக் கொண்டுபோவான்.

"இதை வெச்சு என்னடா பண்றே?"

"ஊர்ல ஆகும் மாப்ளே."

ஒரு தடவை அவன் ஊர் நோம்பித் திருவிழாவுக்கு என்னையும் அழைத்துப் போனான். பஸ் இறங்கியதும் டீக்கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, கூட வந்திருக்கறது ஆருங்க?"

நம்ம ஆளுங்க என்று ராசு சொன்னால் போதும். அவன் பாய்லரைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்.

"ஷெட்டுல வேலை செய்யற ஆளுங்க." பிறகு வெளியே கூரையில் செருகியிருந்த கிளாஸ்களை எனக்குக் காட்டினான். "அதுல ஒண்ணு எடுத்துக்கப்பா. குடிச்சுபோட்டுக் கழுவி வெச்சுரு."

எடுத்தேன். விரலில் தொப்புள் உரசியது. உள்ளே இருப்பவர்களின் கிளாசோடு எங்கள் ஆட்களுடையது கலந்துவிடாமல் இருக்க அதுதான் அடையாளம். ஒதுக்கிவைத்தவன் நானேதான்.

எறிந்து உடைத்தேன் என்று எழுத ஆசை. பசி, குடித்தேன். கழுவியும் வைத்தேன். அடுத்த பஸ் ஏறினேன். ஷெட்டுக்கும் திரும்பவில்லை.

இப்போது அந்த ஷெட் இல்லை, அந்த டீக்கடைக் கூரையும் இல்லை. காகிதக் கப்பில் எல்லாரும் ஒன்று என்கிறார்கள். யார் வாய் பட்டதையும் யாரும் கழுவ வேண்டியதில்லை, அவ்வளவுதான். எந்த ஊரில் யார் "ஏனுங்க" என்று கூப்பிட்டாலும் நின்று பேசுவேன். "மாப்ளே" என்றால் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.